மௌனியின் மேல் ஒரு தடம்

அத்தியாயம் 14

விடியும் நேரத்தில்தான் பனி நின்றது.

ரோப் காரின் கீழ் நிலையத்து முன்கதவைத் திறக்க, பின்வழியாக வேலைக்கு வந்திருந்த நோட்புர்கா, ஊருக்குப் புர்கி, தோளைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். வேலியைக் காணோம், பெஞ்சுகளைக் காணோம். வண்டிகள் நிற்கும் இடம் முழுக்க வெள்ளை மேடுகள். எங்கும் ஒரு சத்தமில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் வருடத்தின் முதல் பெரும்பனி விழுந்த காலையில் அவளுக்குப் பேச்சு மறந்துவிடும். சற்று நேரம் நின்று மூச்சு விட்டாள். அதன் புகைகூட மெதுவாகத்தான் கலைந்தது.

கோட்டுப் பையில் கையை விட்டாள். தம்பியின் ரோப் கார் அட்டை விரலில் பட்டது.

நேற்று, வெள்ளிக்கிழமை மாலை, ரோமெட் அதை அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஊரடங்கு முடிந்து, உள்ளூர்க்காரர்களுக்காக ரோப் காரை ஓட்டிப் பார்த்த மாலை அது. தடுப்பூசி போட்டவர்களும் கடந்த ஆறு மாதத்துக்குள் நோய் வந்து தேறியவர்களும் மட்டும் ஏறலாம் என்பது விதி. வாசலில் நின்று அட்டைகளைச் சோதிப்பது புர்கியின் வேலை. தம்பி அட்டையை நீட்டினான். கருவி சிவப்பு காட்டியது. பின்னால் வரிசையில் ஊரே நின்றது.

"எனக்கு வந்து போயிடுச்சு அக்கா. உனக்குத் தெரியாதா?"

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்தது கணக்குல வராது, ரோமெட். ஓரமா நில்லு."

"ஓரமாத்தான் நிக்கறேன். ரெண்டு வருஷமா."

அவன் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுப்பவன். நோய் முதன்முதலாக ஊருக்குள் வந்த மார்ச் மாதத்தில் 'ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே ரோப் காரை ஓட்டினார்கள். அதை அவன் மறக்கவில்லை. "அன்னைக்கு ஒண்ணுமில்லேன்னு சொன்ன வாய்தான் இன்னைக்கு ஊசி போட்டுக்கோங்குது. எந்த நாள் சொன்னதை நான் நம்ப?" என்பான். அவளிடமும் பதில் இருந்தது. அம்மா ரோஸ்ல் நோயில் இறந்த நவம்பரில் ஊசி என்ற ஒன்றே ஊருக்கு வரவில்லை. "அம்மாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கையெட்டற தூரத்துல இருக்கு. வேண்டாங்கறியே" என்பாள். ஒரு வருடமாக இருவரும் இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேற்றோடு அதுவும் நின்றது.

உள்ளே மேசைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"புர்கி, வந்துட்டியா?"

அப்பா சேரஃபின். மலைமேல் வெடிக்குடிசையில் இருட்டோடு போய் உட்கார்ந்திருப்பவர். புதுப்பனி கனத்துத் தொங்கும் சரிவுகளைக் குண்டு வைத்து முன்கூட்டியே உதிர்த்துவிடுவது அவருடைய தொழில். அவர் உதிர்த்தபின்தான் கீழே மனிதர்கள் போகலாம். கூட நின்று குண்டு வைப்பவன் எகிட்.

"வந்துட்டேன் அப்பா. மேல எப்படி?"

"மேகத்துக்குள்ள உக்காந்திருக்கேன். என் மூக்கே எனக்குத் தெரியல. பனி இடுப்புக்கு மேல."

"எகிட் கூட இருக்கானா?"

"எகிட்டா? அவன் பொண்ணுக்கு நேத்து நோய்ன்னு வந்துடுச்சு. குடும்பத்தோட வீட்டுக்குள்ள. சன்னல் வழியா என்னைப் பார்த்துக் கையாட்டறானாம். மேகத்தைப் பார்த்துத்தான் ஆட்டணும்."

"அப்ப தனியாவா?"

"கிழக்குக் கிண்ணத்துக்குக் கையால குண்டு போடணும், ரெண்டு ஆள் வேணும். அது இன்னைக்கு வேண்டாம். மௌனிக்குக் கம்பம் இருக்கு, பொத்தானை அமுக்கினா குண்டு தானா இறங்கும். மௌனியை முதல்ல தள்ளிவிட்டுடறேன்."

"சரி அப்பா."

அந்த 'சரி'யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக அப்பா கிழக்குக் கிண்ணம் என்ற குழிந்த சரிவில் தொடங்கி மௌனியில் முடிப்பார். வீட்டில் எல்லோருக்கும் அந்த வரிசை மனப்பாடம். கிண்ணத்தின் கடைசி வெடி கேட்டதும் அம்மா அடுப்பில் காபி வைப்பாள். மௌனி முடிந்து அப்பா இறங்கி வரும்போது அது சூடாக இருக்கும்.

மௌனி என்பது ஊருக்கு நேர் மேலே, வனத்துக்கும் வானத்துக்கும் நடுவே விரிந்திருக்கும் பெரிய சரிவு. மரமில்லை, பாறையில்லை, வெறும் வெள்ளை. மற்றச் சரிவுகள் விழுமுன் முனகும், விரிசல் விடும். மௌனி சொல்லாமல் வரும். அதனால்தான் அந்தப் பெயர். வருடத்தின் முதல் பெரும்பனியில், அப்பா அதை உதிர்த்து முடித்ததும், அவள் வீட்டார் நால்வரும் ஏறிப்போய் அதில் முதல் தடம் போட்டு இறங்குவார்கள். அம்மா முன்னால், மற்றவர்கள் பின்னால். போன குளிர்காலத்தில் யாரும் போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ரோப் கார் நிறுவன மேலாளர் ப்ளாட்னர் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"வரிசையைப் பார்த்தியா? ஹாலந்துலேருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க. எட்டரைக்குத் திறந்தே ஆகணும்."

"அப்பா முடிச்சாத்தானே?"

"அவரைக் கேட்டா மலையைக் கேளும்பார். மலையைக் கேட்டா அவரைக் கேளுங்கும். ஹோட்டல்காரங்க என் உயிரை எடுக்கறாங்க, புர்கி. ரெண்டு குளிர்காலம் போச்சு."

வரிசையில் முதலாவதாக நின்ற வயதான டச்சு அம்மாள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தாள். "என்னைச் சோதிச்சுக்கோம்மா. ஊசி போட்ட சீட்டு மூணு வச்சிருக்கேன். ஒண்ணு பையில, ஒண்ணு கோட்டுல, ஒண்ணு பூட்ஸுக்குள்ள. என் கல்யாணச் சீட்டைக்கூட இப்படிக் காபந்து பண்ணலை."

வரிசை சிரித்தது. புர்கியும் சிரித்தாள்.

"புர்கி." அப்பாவின் குரல் மாறியிருந்தது. வேலைக் குரல். "கீழே காலியா?"

வெடிக்குமுன் மேலிருப்பவர் கேட்பார், கீழிருப்பவர் பார்த்துப் பதில் சொல்வார். அந்தப் பதில் இல்லாமல் பொத்தானில் கை போகாது. மலைப்பாதை மூடியிருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கைப் புர்கி பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே இன்னும் நீலம் கலந்த அரையிருட்டு.

"கீழே காலி."

மேலே முதல் சங்கு ஊதியது. பனியில் புதைந்த ஊரின் மேல் அது வேறு யாருடைய வீட்டுச் சத்தம்போலத் தூரமாகக் கேட்டது. மூன்றாம் சங்குக்குப் பிறகு குண்டு இறங்கும்.

வெளிச்சம் கொஞ்சம் கூடியது. வெள்ளை மேடுகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சிறியதாக இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதன் கூரைமேல் இரண்டு விரற்கடைப் பனிதான். பச்சை வண்டி. கதவில் குழந்தைகள் ஒட்டிய கரடிப் படம்.

ரோமெட்டின் வண்டி.

அங்கிருந்து ஒரு தடம் கிளம்பியிருந்தது. நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பம் உண்டு. மலையேறுபவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் பீப்பர், அதாவது பனிக்குள் புதைந்தாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் சிறு கருவி, வேலை செய்கிறதா என்று பார்க்கும் கம்பம். வேலை செய்தால் பச்சை எரியும். தடம் அந்தக் கம்பத்தை ஒட்டிப் போய், வனத்துக்குள் நுழைந்து, மௌனியின் பக்கம் திரும்பியிருந்தது.

பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் ஏறுதோல் ஒட்டிக்கொண்டு நடந்த தடம். முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது அந்தத் தோல். ரோப் காரில் இடம் கிடைக்காத ஊர்க்காரர்கள் பலர் இந்த வருடம் அப்படித்தான் ஏறினார்கள். இளசுகள் செங்குத்தாக ஏறுவார்கள், தடம் ஏணிபோல் இருக்கும். இது அப்படி இல்லை. அகலமாக, அவசரமில்லாமல் வளைந்து போனது. 'பின்னால வர்றவன் பேசிக்கிட்டே ஏறணும், அதுதான் தடம்' என்பாள் அம்மா. இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது அப்படித் தடம் போட ஒருவன்தான் இருந்தான்.

இரண்டாம் சங்கு.

அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டும் நடந்துகொண்டிருப்பான். கிழக்குக் கிண்ணம், நமக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று நினைப்பான். அப்பாவின் வரிசையை வைத்துத்தான் அவன் கிளம்பிய நேரத்தையே கணக்கிட்டிருப்பான். மௌனியின் அடிவயிற்றைக் குறுக்கே தாண்டி மறுபக்கம் போய்க் காத்திருந்து, வெடி முடிந்ததும் முதல் தடம். வெளியூர்க்காரன் யாராவது என்றால் சங்கு கேட்டதும் ஓடியிருப்பான். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டே நடக்கத் தோன்றும்.

"அப்பா, கீழே காலி இல்ல."

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும்.

"அப்பா. காலின்னு சொன்னேன். காலி இல்ல. மௌனிக்குத் தடம் போகுது. ரோமெட்."

இரைச்சல். ப்ளாட்னர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தது மிகத் தூரத்தில் கேட்டது.

"என் விரல் பொத்தான் மேல இருந்துச்சு, புர்கி."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்." பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் மேகம். அவன் நடுவுல இருந்தா, நான் வெடிக்க வேண்டாம். அவன் கால் கனமே போதும். மௌனி இன்னைக்கு நிறைமாசமா இருக்கா."

புர்கி தம்பியின் எண்ணை அழைத்தாள். அணைந்திருந்தது. கோபத்தில் அணைத்தது இல்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் கைபேசி இருந்தால் பீப்பர் உளறும். அதனால் ஏறும்போது எல்லோருமே அணைத்துவிடுவார்கள்.

"உன் தம்பியா?" ப்ளாட்னரின் முகம் சிவந்தது. "ஊசியும் வேண்டாம், விதியும் வேண்டாம். இப்ப மலையும் அவன் ஒருத்தனுக்கா?"

அவள் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடு நிலையத்துக் கூரையில் பெரிய ஒலிபெருக்கிகள் உண்டு. ஒரு காலத்தில் மாலை முழுக்கப் பாட்டுப் போட்டுக் குடிகாரர்களை ஆடவைத்தவை. இரண்டு குளிர்காலமாக ஊமையாகக் கிடந்தன. அவை மௌனிக்கு நேர் எதிரே இருந்தன.

"ஸ்பீக்கரைப் போடுங்க."

"அது பேசுமான்னே தெரியாது."

"போடுங்க, ப்ளாட்னர்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். சாவிக்கொத்தை எடுக்கும்போது இரண்டு தடவை கீழே போட்டார். பிறகு அவரே முட்டி போட்டு, பெட்டியைத் திறந்து, விசையைத் தள்ளினார்.

டச்சு அம்மாள் கவலையாகக் கேட்டாள். "சத்தம் போட்டா பனி சரிஞ்சுடாதா?"

"அது சினிமாவுலம்மா" என்றார் ப்ளாட்னர், முட்டியிலிருந்து எழாமலே.

புர்கி பொத்தானை அழுத்தினாள். தன் மூச்சே மலைமேல் பெரிதாகக் கேட்பதைக் கேட்டாள்.

"ரோமி. புர்கி பேசறேன்." அவள் குரல் போய் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "எகிட் இல்ல. அப்பா வரிசையை மாத்திட்டாரு. சங்கு கிண்ணத்துக்கு இல்ல, மௌனிக்கு. நீ இருக்கற இடம்தான் முதல்ல. இடது பக்கம் லார்ச் மரத்து மேட்டுக்குப் போ. மெதுவாப் போ. அப்பா கையை எடுத்துட்டாரு, நீ ஏறற வரைக்கும் தொட மாட்டாரு."

பொத்தானிலிருந்து அவள் விரல் எழவில்லை. வரிசை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று நின்ற அதே முகங்களும் அதில் இருந்தன.

"அம்மா அடக்கத்தன்னிக்கு, உனக்கும் நோய்ன்னு உன்னை வீட்டைவிட்டு விடல. மணிச்சத்தம் மட்டும்தான் கேட்டே. நேத்து வாசல்ல நிறுத்தும்போது எனக்கு அது ஞாபகம் வரல. இப்ப வருது." நிறுத்தினாள். "இடது பக்கம், ரோமி."

விரலை எடுத்தாள்.

வரிசை தானாகக் கலைந்து எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். மேகம் மலையின் முகத்தை மூடியிருந்தது. எங்கிருந்தோ ஒரு மரக்கிளை சுமையை இறக்கிய ஓசை. பனித்தூள் மெல்ல இறங்கி அடங்கியது. புர்கி ஒரு கையில் வாக்கி டாக்கியையும் பையிலிருந்த கையில் அட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை.

பிறகு மேகம் கிழிந்தது.

முதலில் சிகரம் தெரிந்தது. அதன்மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு வெயில். அந்தக் கோடு கீழே இறங்க இறங்க மௌனி வெளிப்பட்டது. அங்கே நின்றவர்கள் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். யாரும் தொடாத வெள்ளை, பார்க்கப் பார்க்க முடிவில்லாமல் மேலே போனது. இவ்வளவு பெரியது இவ்வளவு நேரமும் தங்கள் தலைக்கு மேலே சும்மா நின்றுகொண்டிருந்ததா என்று நினைக்கவைக்கும் பெரிது. அதன் குறுக்கே ஊசியால் கீறியதுபோல ஒரு கோடு. கோட்டின் நுனியில் ஒரு புள்ளி.

புள்ளி நகர்ந்தது. இடது பக்கம்.

"வேகமாப் போகச் சொல்லேன்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"வேகமாப் போனா உடையும்" என்றார் ப்ளாட்னர். அவரும் குசுகுசுத்துத்தான் சொன்னார்.

ரோமெட் தூங்குகிறவனைத் தாண்டிப் போவதுபோல் நடந்தான். ஒரு பலகை. நிறுத்தம். அடுத்த பலகை. ஊசி போட்டவர்கள் அத்தனை பேரும் போடாத ஒருவனின் ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துவிட்டார்கள். அவன் மரங்களின் கீழே போய்ச் சேர்ந்து, இரண்டு கோல்களையும் தலைக்கு மேலே உயர்த்தினான். டச்சு அம்மாள் தன் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுது" என்றார் அப்பா. தொலைநோக்கியில் பார்க்கிறார் போலிருந்தது. "மரத்தடியில நிக்கறான்." கொஞ்சம் பொறுத்து, "புர்கி, அவன் கால்ல சிவப்புப் பலகை. ரோஸ்லோடது."

அவள் பையிலிருந்த கையை வெளியே எடுத்தாள்.

"கீழே காலியா?" என்று அப்பா கேட்டார்.

இந்தமுறை அவள் பார்த்தாள். வனத்தின் விளிம்பு முழுக்க, ஒவ்வொரு வண்டியாக, ஒவ்வொரு மேடாக. மரத்தடிப் புள்ளியை மறுபடியும். பிறகுதான் சொன்னாள்.

"கீழே காலி."

மூன்று சங்கும் புதிதாக ஊதின. வெடி, தடித்த கம்பளிக்குள் யாரோ கைதட்டியதுபோல் ஒலித்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மௌனியின் நெற்றியில் ஒரு நீலக் கோடு ஓடியது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கண் தொடர முடியாத வேகத்தில். அதற்குக் கீழிருந்த அத்தனையும், ஒரு விரிப்பை இழுத்ததுபோல், முழுசாக நகர்ந்தது. சத்தமில்லாமல். பாதி தூரம் இறங்கியபின்தான் அது பாளம் பாளமாக உடைந்து எழுந்து, சரிவையே மறைக்கும் வெண்மேகமாக வளர்ந்தது. அதற்கும் பிறகுதான் தரை அதிர்ந்தது. உள்ளங்காலில் ஏறி விலா எலும்பில் நின்ற அதிர்வு.

மேகம் பள்ளத்தாக்கின் குறுக்கே மிதந்து வந்து, நின்றிருந்தவர்கள் மேல் தூளாகப் பொழிந்தது. இமைகளில், முகக்கவசங்களில், புர்கியின் திறந்த உள்ளங்கையில். யாரும் தட்டிவிடவில்லை.

அது அடங்கியபோது மௌனி சாம்பல் நிறத்தில் கிடந்தது. ரோமெட்டின் தடம் வனத்தின் விளிம்போடு அறுந்திருந்தது. மேட்டின்மேல், மரத்தடியில், புள்ளி அசையாமல் இருந்தது.

அவளுடைய கைபேசி அடித்தது.

"எகிட்டுக்கு என்ன?" என்றான் ரோமெட். குரல் சீராக இல்லை.

"பொண்ணுக்கு நோய். உனக்கு?"

"மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அவ்வளவுதான். அக்கா, நான் நின்ன இடம் இப்ப இல்ல."

"பார்த்தேன்."

"அம்மாவுக்காக முதல் தடம் போடலாம்னு வந்தேன்."

"தெரியும். அங்கேயே இரு. நான் வரேன்."

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

"வராதே."

"ஏன்?"

"வந்தா ஒரு விஷயம் சொல்லவேண்டி வரும். அன்னைக்கு அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி, வீட்டுல நானும் அவளும் மட்டும்தானே இருந்தோம். உன்கிட்ட சொல்லச் சொல்லி அம்மா ஒண்ணு சொன்னா." குரல் உடைந்தது. "ஒரு வருஷமா நான் சொல்லல."

"இப்ப சொல்லு."

"போன்ல சொல்றது இல்ல அது."

இணைப்பு அறுந்தது.

புர்கி உள்ளே போய், கழுத்திலிருந்த சோதனைக் கருவியைக் கழற்றி ப்ளாட்னரின் கையில் வைத்தாள்.

"கீழ்ப்பாதியை இனி திறக்கலாம்னு அப்பா சொல்வாரு. பச்சை எரிஞ்சா விடுங்க. சிவப்பு எரிஞ்சா நிறுத்துங்க."

"இந்த வரிசையை வச்சுக்கிட்டு நீ எங்கே போறே?" அவர் கத்தவில்லை. கத்தும் பலம் அவரிடம் இல்லை. "திங்கக்கிழமை இந்த நாற்காலி உனக்கு இருக்கும்னு என்னால சொல்ல முடியாது, புர்கி."

"சொல்ல வேண்டாம்."

அலமாரியிலிருந்து தன் பலகைகளை எடுத்து ஏறுதோலை ஒட்டினாள். பீப்பரை மார்பில் கட்டினாள். தம்பியின் அட்டை பையிலேயே இருந்தது. வரிசை விலகி வழிவிட்டது.

கம்பத்தைத் தாண்டும்போது பச்சை எரிந்தது. அவனுக்கும் இது எரிந்திருக்கும். அவள் இடது பலகையைத் தம்பியின் தடத்துக்குள் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. வலதையும் வைத்தாள். ஏற்றம் தெரியாத தடம். பேசிக்கொண்டே ஏறலாம்.

பேசுவதற்குத்தான் பக்கத்தில் யாரும் இல்லை. மலையும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏறத் தொடங்கினாள்.